வளைந்த பலகையைச் சிறு மில்லில் நேராக்கும்போது வரும் கோளாறுகள்

2018 நவம்பர் 16 பின்னிரவில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது, தென்னையோடு சேர்ந்து பலா, வேம்பு, தேக்கு எல்லாம் வேரோடு சாய்ந்தன. விறகாகப் போவதற்குள் பலகையாக்கிவிடலாம் என்று பச்சை மரத்தையே அவசரமாக அறுத்து, மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்த்துவைத்தவர்கள் எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் நிறைய. அந்தப் பலகைகள் இன்றைக்கும் என்னிடம் வந்துகொண்டிருக்கின்றன. மரத்தில் குறை இல்லை. தட்டினால் கணீரென்கிறது. ஆனால் ஒன்றுகூட நேராக இல்லை.

என்னிடம் இருப்பது டிராக்டர் பின்னால் கட்டி இழுத்துப்போகும் படுக்கை பேண்ட்சா மில், அதாவது பட்டை ரம்பம் கிடையாக ஓடி அறுக்கும் இயந்திரம். மரம் அசையாமல் கிடக்கும்; ரம்பத் தலைதான் தண்டவாளத்தில் நகரும். பிளேடு ஒன்றேகால் அங்குல அகலம், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான கனம். பல் விரிவையும் (பற்கள் மேலும் கீழுமாக வளைந்திருப்பதையும்) சேர்த்தால் ஓர் அறுப்புக்கு 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சேதாரம், அதாவது ஒரு நூலுக்கும் குறைவு. (அங்குலத்துக்கு 8 நூல் என்ற ஆசாரிக் கணக்கைத்தான் கீழே எல்லா இடத்திலும் சொல்கிறேன்.) வட்ட ரம்பத்தோடு ஒப்பிட்டால் இது மிச்சம். அதனால்தான் ஏற்கெனவே அறுத்த பலகையை மறுபடி அறுத்து நேராக்குவது கட்டுப்படியாகிறது.

இயந்திரத்தை எடுப்பதற்கு முன் இரண்டு விஷயம். பலகை காய்ந்துவிட்டதா என்று பாருங்கள். நம் ஊர்க் காற்றில் காய்ந்த மரம் சுமார் 12 முதல் 16 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். ஈரமானி இல்லையென்றால், ஒரு பலகையை வாரம் ஒருமுறை தராசில் வைத்து, எடையைப் பலகை மேலேயே எழுதிவாருங்கள். எடை இறங்குவது நின்றபிறகு அறுக்கலாம். அப்புறம், பலகையின் ஒரு முனையைக் கண்ணருகே பிடித்து, துப்பாக்கியால் குறிபார்ப்பதுபோல மறுமுனை வரை பாருங்கள். வளைவுக்கு எங்கள் பட்டறையில் நாலு பெயர் வைத்திருக்கிறோம். தரையில் படுத்துக்கிடக்கும்போது பக்கவாட்டில் வளைந்திருந்தால் அரிவாள். முனைகள் தூக்கி நடு இறங்கியிருந்தால் படகு. அகலவாக்கில் குவிந்திருந்தால் ஓடு. நாலு மூலையில் ஒன்று மட்டும் தூக்கிக்கொண்டு நின்றால் முறுக்கு. ஒரே பலகையில் இரண்டு மூன்றும் சேர்ந்திருக்கும். எது பெரியது என்று பார்த்து அங்கிருந்து தொடங்குங்கள்.

பலகை அரிவாள் போல வளைந்திருக்கிறது

இந்த மில்லுக்கென்றே வாய்த்த வேலை இதுதான். அகலம் ஒட்டிவரும் நாலைந்து பலகைகளைச் சேர்த்து விளிம்பின் மேல் நிறுத்துங்கள். குழிந்த விளிம்பு கீழே, முதுகு மேலே. அப்படி நிறுத்தினால் இரண்டு முனையும் மில்லின் பெட்டில் (மரத்தைக் கிடத்தும் தளத்தில்) உட்கார்ந்து ஆடாமல் நிற்கும். தலைகீழாக நிறுத்தினால் ஊஞ்சல்தான். நடுவில் பலகைக்கும் பெட்டுக்கும் இடையில் தெரியும் இடைவெளியில் மெல்லிய ஆப்பு ஒன்றைக் கையாலேயே செருகுங்கள், சுத்தியல் வேண்டாம். பலகை அதிராமல் இருக்கத்தான் ஆப்பு, அதைத் தூக்குவதற்கு அல்ல.

பிறகு பக்கவாட்டில் கிளாம்ப். இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் வரும். பலகையில் கொஞ்சம் படகு வளைவும் இருந்தால், நெருக்கும்போது அது நிமிருமே, பரவாயில்லையா என்பார்கள். பரவாயில்லை. நாம் வெட்டப்போவது விளிம்பை. கிளாம்பைக் கழற்றியதும் பலகை பழையபடி படகாகும், ஆனால் விளிம்பின் நேர் கெடாது. மேலிருந்து கீழாக முதுகை அழுத்தினால்தான் வினை.

முதல் அறுப்பில் முதுகைச் சீவுங்கள். இரண்டு முனையிலும் பிளேடு மரத்தைத் தொடும் உயரம் வரை இறக்கினால் முழு நீளத்துக்கும் நேர்விளிம்பு கிடைத்துவிடும். கட்டோடு தூக்கிப் புரட்டி, புதிய நேர்விளிம்பு பெட்டில் உட்காரும்படி வைத்து, வேண்டிய அகலத்துக்கு மறுபக்கத்தை அறுங்கள். கட்டிலிருந்து எடுக்கும்போது எல்லாம் ஒரே அகலமாக வரும்.

கணக்கு ஒன்று பாருங்கள். 8 அடி நீளம், 8 அங்குல அகலம், நடுவில் ஓர் அங்குல வளைவு. அப்படியே நேராக்கினால் ஏழு அங்குலத்துக்கு மேல் கிடைக்காது. சுத்தம் செய்தபின் ஆறேமுக்கால். அதே பலகையை நாலு நாலு அடியாகத் துண்டித்துவிட்டு நேராக்கினால், ஒவ்வொரு துண்டிலும் வளைவு இரண்டே நூல்தான். ஏழரை அங்குலம் தாராளமாகத் தேறும். நீளம் பாதியானால் வளைவு பாதியாகாது, காலாகும். ஆகவே முதலில், என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேளுங்கள். அலமாரித் தட்டுக்கு மூன்றடி போதுமென்றால், 8 அடிப் பலகையை நேராக்கிவிட்டு அப்புறம் துண்டிப்பது மரத்தைத் தூளாக்கும் வேலை.

மில்லில் நேராக இருந்தது, இறக்கியதும் வளைந்துவிட்டது

இதில் நான் பட்டிருக்கிறேன். முதல் வருஷம் ஏழு பலாப் பலகைகளை விளிம்பில் நிறுத்தினேன். முதுகு ரொம்பத் தூக்கியிருந்தது. அகலத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று, லாரியில் சரக்குக் கட்டும் பெல்ட்டை நடுவில் போட்டு, ராட்செட்டை முறுக்கிக் கீழே இழுத்துவிட்டேன். அறுத்த விளிம்பு கண்ணாடிபோல வந்தது. மட்டக்கோலை வைத்துப் பார்த்து எனக்கே பெருமை. பெல்ட்டைத் தளர்த்தினேன், ஏழும் ஒன்றாக எழுந்து நின்றன. வளைந்த பலகையை இழுத்து நிமிர்த்தி வைத்து அல்லவா நேராக அறுத்திருந்தேன்.

எப்போது வளைகிறது என்பதுதான் துப்பு. கட்டைத் தளர்த்திய நொடியிலேயே வளைந்தால் குற்றம் உங்கள் பிடியில். பிடியைத் தளர்த்திவிட்டு, பலகை தன் இயல்பில் எப்படி நிற்கிறதோ அப்படியே மறுபடி அறுங்கள்.

அறுக்கும்போதே வளைந்தால், அதாவது பிளேடு தாண்டிய இடத்தில் சீவிய பட்டை மேலே விரிந்தாலோ பிளேடைக் கவ்வினாலோ, மரத்துக்குள் இறுக்கம் இருக்கிறது என்று அர்த்தம். வாய்க்கால் கரையில் சாய்ந்தே வளர்ந்த மரம், ஒருபக்கம் மட்டும் கிளை விட்ட மரம், இவற்றில் இது சகஜம். சாய்ந்த மரம் தன்னை நிமிர்த்திக்கொள்ள ஒருபக்கத்தில் வேறுவிதமான மரத்தை வைத்துக்கொள்கிறது. அந்தப் பக்கத்தைச் சீவியதும் பிடி விட்டுப்போகிறது. இப்படிப்பட்ட பலகையில் ஒரே பக்கம் ஆழமாக வெட்டாதீர்கள். இந்தப் பக்கம் ஒரு நூல், புரட்டி அந்தப் பக்கம் ஒரு நூல். கடைசி அளவுக்கு அரை அங்குலம் மீதம் வைத்து, ஒரு வாரம் அடுக்கிவைத்துவிட்டு அப்புறம் இறுதி அறுப்பு.

நாலைந்து நாள் கழித்து வளைந்தால், சந்தேகமே வேண்டாம், ஈரம். உங்கள் கையிலும் இல்லை, இயந்திரத்திலும் இல்லை. காயவிடுங்கள்.

பலகை ஓடு கவிழ்த்ததுபோலக் குவிந்திருக்கிறது

மரம் காயும்போது வளையங்களின் ஓட்டத்தில் சுருங்குவது அதிகம். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏறத்தாழ அதில் பாதிதான் சுருங்கும். அதனால் சாதாரணமாக அறுத்த பலகையில் பட்டைப்பக்க முகம் குழியும். ஆசாரிமார்கள் பலகையின் முனையைப் பார்த்ததுமே எந்தப்பக்கம் கவிழும் என்று சொல்வது இதை வைத்துத்தான்.

10 அங்குல அகலம், ஓர் அங்குல கனம், குவிவு அரை அங்குலம் என்றால் அப்படியே மட்டம் செய்யாதீர்கள். மேலே நடுவில் அரை அங்குலம், கீழே ஓரங்களில் அரை அங்குலம் என்று இரண்டு பக்கமும் சீவி, கடைசியில் கையில் மிஞ்சுவது நாலு நூல் கனம்தான். நடுவில் நீளவாக்கில் கிழித்து ஐந்து ஐந்து அங்குலமாக்குங்கள். ஒவ்வொன்றின் குவிவும் ஒரு நூலாக இறங்கிவிடும். சீவியபின் ஆறு நூல் கனம் சுளையாக நிற்கும். அகலம் வேண்டுமென்றால் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். கனத்தை ஒட்ட முடியாது.

கிழித்த துண்டைச் சீவும்போது குழிந்த முகம் கீழே இருக்கட்டும். அப்போது இரண்டு ஓரத்திலும் ஊன்றி நிற்கும். மேல்முகம் மட்டமானதும் புரட்டுங்கள்.

படகும் முறுக்கும்

படகு வளைவை மில்லில் நேராக்குவது நட்டக் கணக்கு. 2 அங்குலத்துக்கு மேல் கனமிருந்தால் செய்யலாம். முனைகள் பெட்டில் ஊன்றும்படி கவிழ்த்து வைத்து, நடுவில் ஆப்புக் கொடுத்துச் சீவிப் புரட்ட வேண்டும். ஓர் அங்குலப் பலகையென்றால் துண்டித்துக் குட்டையாக்குங்கள், இல்லாவிட்டால் சட்டத்தில் ஆணியடித்து நிமிர்த்திக்கொள்ளும் வேலைக்கு அனுப்புங்கள். கதவுக்கு உதவாத படகு, கொட்டகைத் தடுப்புக்கு நன்றாகவே உதவும்.

முறுக்கைப் பார்க்க, நேரான இரண்டு ரீப்பர்களை (மெல்லிய மரச்சட்டங்களை) பலகையின் இரு முனையிலும் குறுக்கே வைத்து, ஒன்றின் மேல்விளிம்பு வழியாக மற்றொன்றைப் பாருங்கள். இரண்டும் இணையாக இல்லையென்றால் முறுக்கு. எதிரெதிர் மூலைகளுக்குக் கீழே சம அளவில் ஆப்பு வைத்து, முறுக்கை இரண்டு பக்கமும் பங்குபோட்டுச் சீவலாம். வேம்பில் நார் சுற்றிச் சுற்றி ஓடியிருந்தால் சீவியபின்னும் மழைக்காலத்தில் திரும்ப முறுக்கும். அதை முக்காலிக்குத் துண்டாக்கிவிடுவேன். ரொம்ப மோசமென்றால் அடுப்புக்கு.

அறுத்த முகம் அலை அலையாக வருகிறது

விரலை நீளவாக்கில் ஓடவிட்டால் ஏறி இறங்குவது தெரியும். காய்ந்த பலகையை அறுக்கும்போது பச்சை மரத்தைவிட இது அதிகம் வரும். காய்ந்த மரம் கெட்டி. பத்தில் எட்டு முறை காரணம் மழுங்கிய பிளேடு. வாதாடாமல் புது பிளேடை மாட்டி அதே பலகையில் ஓர் அறுப்பு ஓட்டிப் பாருங்கள். அலை போய்விட்டதா? அவ்வளவுதான், பழையதைச் சாணைக்கு அனுப்புங்கள்.

போகவில்லையென்றால் இழுவிசையைப் பாருங்கள். வேலை தொடங்கிப் பத்து நிமிஷத்தில் பிளேடு சூடாகி நீளும், தொய்யும். அப்போது ஒருமுறை முறுக்கிச் சரிசெய்ய வேண்டும். மாலையில் வேலை முடிந்ததும் மறக்காமல் தளர்த்த வேண்டும். அப்புறம் கைடு ரோலர், அதாவது பிளேடு ஆடாமல் தாங்கும் உருளை. 8 அங்குலப் பலகையை அறுக்கும்போது, நகரும் ரோலர் இரண்டடி தள்ளி நின்றால் பிளேடு நடுவில் தன்னிஷ்டத்துக்கு ஆடும். பலகைக்கு ஓர் அங்குல இடைவெளியில் கொண்டுவாருங்கள்.

கணு வரும் இடத்தில் மட்டும் ஏறி இறங்கினால் தள்ளும் வேகம் அதிகம். கணுவுக்கு அரையடி முன்பே மெதுவாக்குங்கள், ஆனால் நிற்காதீர்கள். நின்ற இடத்தில் பிளேடு தேய்த்துச் சூடாகிக் கோடு போட்டுவிடும். கெட்டி மரத்துக்குப் பல்லின் சாய்வு குறைந்த பிளேடு நல்லது. பச்சை மரத்துக்கு 10 டிகிரி சாய்வு போட்டிருப்பார்கள். காய்ந்த வேம்புக்கும் புளிக்கும் 7, சில சமயம் 4 டிகிரி வைத்தால் அடங்கி அறுக்கும்.

திடீரென்று ஒரே இடத்திலிருந்து அலை தொடங்கினால் ஆணி. வீட்டோர மரங்களில் கொடிக்கயிறு கட்டிய கொக்கி, தேர்தல் தட்டி அடித்த ஆணி, வேலிக்கம்பி எல்லாம் உள்ளே முங்கிக் கிடக்கும். பலகையின் முகத்தில் கருநீலமாக ஒரு கறை நார்வாக்கில் நீண்டிருந்தால், பக்கத்தில் எங்கோ இரும்பு இருக்கிறது. மரத்திலுள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் வரும் நிறம் அது. உளியால் கறையின் நடுவைத் தோண்டிப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை ஒரு பிளேடைக் காப்பாற்றும்.

ஒரு விளிம்பு கனம், மறு விளிம்பு மெல்லிசு

பிளேடும் பெட்டும் இணையாக இல்லை. எஞ்சினை அணைத்து, பிளேடு இழுவிசையில் இருக்கும்போதே, கீழ்ப்பக்கம் வளைந்த ஒரு பல்லிலிருந்து பெட்டின் குறுக்குச்சட்டம் வரை அளந்துகொள்ளுங்கள். பெட்டின் அடுத்த ஓரத்திலும் அதேபோல் ஒரு பல்லைத் தேர்ந்து அளங்கள். மேலே வளைந்த பல்லையும் கீழே வளைந்த பல்லையும் கலந்து அளந்துவிட்டு இயந்திரத்தைக் குறைசொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் இருந்தால் ரம்பத் தலையின் உயரத் திருகில் சரிசெய்யுங்கள்.

விளிம்பு அறுக்கும்போது மூலை சதுரமாக வராமல் சாய்ந்து வந்தால், பார்க்க வேண்டியது பின்தடுப்பு, அதாவது பலகைக் கட்டு சாய்ந்து நிற்கும் நிமிர்ந்த சட்டம். மூலைமட்டத்தை பெட்டுக்கும் தடுப்புக்கும் நடுவே வையுங்கள். இடுக்கில் மரத்தூள் அடைத்துக்கொண்டு தடுப்பு ஒரு நூல் முன்னால் சாய்ந்திருக்கும். துடைத்தால் போதும்.

நடுவில் ஒரு கனம், முனையில் ஒரு கனம்

தண்டவாளம் தொய்ந்திருக்கிறது. எங்கள் களிமண் பூமியில் இது வருஷா வருஷம் உண்டு: கோடையில் வெடிக்கும், ஐப்பசி மழையில் ஊறி உப்பும், ஒரு கால் மட்டும் உள்ளே இறங்கும். தண்டவாளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நைலான் நூலை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு காலின் மேலும் நூலுக்கும் இரும்புக்கும் இடையே ஒரே அளவு வருகிறதா பாருங்கள். மில் ரசமட்டத்தில் இருப்பது இரண்டாம் பட்சம். சாய்வாக இருந்தாலும் நேராக இருந்தால் அறுப்பு நேராகத்தான் வரும். தொய்வு இருந்தால், மட்டமாக இருந்தும் பயனில்லை. கால்களுக்கடியில் அகலமான சிமென்ட் கட்டை வைத்தபின் எனக்கு இந்தத் தொல்லை பாதியாகக் குறைந்தது.

தண்டவாளம் சரியாக இருந்தும் நடுவில் மட்டும் மெலிந்தால், பலகை நடுவில் பெட்டைத் தொடாமல் தூக்கிக்கொண்டிருக்கிறது. குனிந்து, பலகைக்கும் சட்டத்துக்கும் இடையே வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள்.

இரண்டாகப் பிளந்த பலகைகள் புத்தகம்போல மடங்குகின்றன

2 அங்குலப் பலகையை நடுவில் பிளந்து இரண்டு மெல்லிய பலகையாக்குவது எல்லோரும் கேட்கும் வேலை. சேதாரம் போக ஒவ்வொன்றும் 24 மில்லிமீட்டர். இழைத்தபின் முக்கால் அங்குலம் வரும். ஆனால் அடுத்த நாள் காலையில் பார்த்தால், அறுத்த முகம் இரண்டும் உள்ளே குழிந்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். வெளியே காய்ந்த பலகையின் வயிற்றில் ஈரம் மிச்சமிருந்தது. வயிற்றைத் திறந்ததும் அந்த முகம் காய்ந்து சுருங்குகிறது. ஈரமானியை மேலே வைத்துப் பார்த்துவிட்டு, காய்ந்துவிட்டது என்று ஏமாறுவதும் இங்கேதான்.

பிளந்த அன்றே, ஒன்றரை அடிக்கு ஒரு ரீப்பர் வைத்து, ரீப்பர்கள் ஒன்றுக்கு மேல் ஒன்று நேர்க்கோட்டில் வரும்படி நிழலில் அடுக்கி, மேலே செங்கல் பாரம் ஏற்றுங்கள். மூன்று வாரம் தொடாதீர்கள். இழைப்பதற்கென்று ஒரு நூல் கூடுதலாக விட்டுப் பிளந்திருந்தால் மீதிக் குவிவை இழைப்புளி பார்த்துக்கொள்ளும்.

கட்டிலிருந்து ஒரு பலகை நழுவுகிறது

நாலு பலகையை ஒரே கிளாம்பில் நெருக்கும்போது, நடுவில் மெல்லிசாக ஒன்று இருந்தால் அதைப் பிடிப்பது எதுவுமில்லை. பிளேடு பட்டதும் அது துள்ளும். கனம் ஒத்தவற்றை மட்டும் கட்டாக்குங்கள். சந்தேகமாக இருப்பதைத் தனியாக அறுங்கள். கையால் பிடித்துக்கொள்கிறேன் என்று யாராவது முன்வந்தால் அவரைத் தேநீர் வாங்க அனுப்புங்கள். தோளில் துண்டு, தொங்கும் லுங்கி, இரண்டும் மில்லுக்குப் பக்கத்தில் ஆகாது. வேம்புத் தூள் மூக்கில் ஏறினால் அன்று முழுக்கத் தும்மல், அதனால் முகக்கவசம்.

பிளேடு இரும்பில் பட்டது

பின்தடுப்பு, அறுக்கப்போகும் உயரத்துக்கு மேல் நின்றிருக்கும். அகலமான பலகையை அறுத்துவிட்டு அடுத்து குறுகலான கட்டை ஏற்றும்போது தடுப்பை இறக்க மறப்பதுதான் வழக்கமான காரணம். ஒவ்வொரு கட்டுக்கும் முன்பு, எஞ்சினை ஓட்டாமலே ரம்பத் தலையைக் கடைசி அறுப்பின் உயரத்தில் வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கையால் ஒருமுறை தள்ளிப்பாருங்கள். தடுப்பு, கிளாம்ப் இரண்டையும் பிளேடு ஒரு விரற்கடை உயரத்தில் தாண்ட வேண்டும். பலகையின் பாதி உயரத்துக்காவது தடுப்பு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டு சாயும்.

பாதியில் பிளேடு மாட்டிக்கொண்டது

சீறல் மாறி முனகல் கேட்கும், கருகிய வாசம் வரும். உடனே எஞ்சினை அணையுங்கள். ஓடும் பிளேடைப் பின்னுக்கு இழுக்காதீர்கள், சக்கரத்திலிருந்து கழன்றுவிடும். முழுசாக நின்றபிறகு, அறுத்துத் திறந்த வாயில் பின்பக்கமிருந்து மர ஆப்பு ஒன்றைத் தட்டுங்கள். பிளேடுக்கு ஒரு முழம் பின்னால் இன்னொன்று. வாய் விரிந்ததும் ரம்பத் தலையைக் கையால் மெல்லப் பின்னுக்கு நகர்த்தி வெளியே எடுங்கள். அதே கோட்டில் திரும்ப நுழைய வேண்டாம். பலகையைப் புரட்டி, மறுபக்கத்திலிருந்து ஒரு நூல் ஒரு நூலாக இறங்கி வாருங்கள்.